நாகமணி பார்க்காத ஊர்கள்

நாகமணி வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தவர்கள், இவள் அமெரிக்காவை ஒரு சுற்று சுற்றி முடித்தவள் என்றுதான் நினைப்பார்கள். கதவு கொள்ளாமல் மேக்னட்டுகள். நயாகரா அருவி, சுதந்திர தேவி சிலை, கோல்டன் கேட் பாலம், லாஸ் வேகாஸ் சூதாட்டச் சக்கரம், யெல்லோஸ்டோன் கரடி, ஹவாய் தென்னைமரம். "பரவாயில்லையே கிட்டுசாமி, எல்லா இடமும் கவர் பண்ணிட்டீங்க போல!" என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். அவள் புருஷன் கிட்டுசாமி சிரித்துக்கொண்டே காபியை நீட்டுவார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

உண்மையில் அத்தனையும் அடுத்தவர்கள் போய்வந்து வாங்கிக் கொடுத்தவை. முதல் ஆறு வருஷத்தில் நாகமணி போன ஆகத் தூரமான இடம், அதே மாநிலத்துக்குள் இருக்கிற சுகர் லேண்ட். அதுவும் ஒரு வளைகாப்புக்கு.

நான் சாலிஹா. ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரில் புருஷனை மாப்பிள்ளை என்போம். என் மாப்பிள்ளை நூர் முகம்மதுவும் கிட்டுசாமியும் லாஸ் கொலினாஸில் ஒரே கட்டிடத்தில் வெவ்வேறு கம்பெனியில் ப்ரோக்ராமர்கள். இர்விங்கில் பெல்ட் லைன் ரோட்டை ஒட்டிய அபார்ட்மெண்ட்டில் எங்கள் வீடு மாடி, அவர்கள் வீடு நேர் கீழே. நான் மிக்ஸி போட்டால் அவள் வீட்டில் கேட்கும். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த அளவு அவளை வேறு யாருக்கும் தெரியாது. என் சங்கடமே அதுதான்.

1994 ஆகஸ்டில் வந்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பதினைந்து நாளில் பெண் பார்த்து, பேசி, தாலி கட்டி முடித்த கல்யாணம். மாப்பிள்ளைக்கு லீவு அவ்வளவுதான். முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. பக்கத்தில் நின்று சிரித்தால் திரும்பிப் பார்க்காமல் போவாள். ஒரு தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே நிற்பாள். என்ன கர்வம் பாருங்கள் என்று நூர் முகம்மதுவிடம் புலம்பியிருக்கிறேன்.

நவம்பரில் ஒரு நாள். அஞ்சரை மணிக்கே இருட்டிவிட்டது. லாண்ட்ரி ரூம் பார்க்கிங் லாட்டுக்கு அந்தப் பக்கம். துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாண்ட்ரி ரூம் வாசலிலேயே நின்றாள்.

"என்ன புள்ள, காவலுக்கு நிக்கிறியா?" என்றேன் கிண்டலாக.

"நீங்க முன்னால நடங்க அக்கா. நான் பின்னாடியே வந்தர்றேன்."

என் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி தூரத்தில், கார்களை நிறுத்துவதற்காகத் தரையில் பதித்திருக்கும் சிமெண்ட் கட்டையில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். துவைத்த துணியெல்லாம் எண்ணெய்க் கறையில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு பெருசா கெடக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியலைங்க்கா" என்றாள்.

அன்றைக்கு என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, காலுக்கு மருந்து போட்டபடி எல்லாம் சொன்னாள். சின்ன வயசிலிருந்தே மாலைக்கண். பதினேழு வயசில் கோயமுத்தூர் டாக்டர் ஒருவர், இது இருட்டோடு போகிற விஷயமில்லை, பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும், கடைசியில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மிஞ்சும், அப்புறம் அதுவும் இருக்காது, மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். இது உங்கப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். எழிலரசி என்று ஒரு தங்கை இருந்தாள். அக்காவுக்குக் கண் போகும் என்று வெளியே தெரிந்தால் தங்கையை எவன் கட்டுவான்?

"எழிலு கல்யாணம் முடியட்டும், அவருகிட்ட நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க அல்லா மேல சத்தியம் பண்ணுங்கக்கா."

"நாங்க அப்படி லேசுல சத்தியம் பண்ண மாட்டோம் புள்ள. வாயத் தொறக்க மாட்டேன், போதுமா?"

திறக்கவில்லை. ஆறரை வருஷம் திறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மார்ச்சில்தான் அந்தப் பட்டியல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நாங்கள் செய்திக்காக வாங்குவதில்லை, கூப்பனுக்காக வாங்குவோம். இருவரும் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து சோப்புக் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு கலர் பக்கம். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டிலேயே போய்ப் பார்க்க மிகவும் ஆசைப்படும் பத்து இடங்கள். முதல் இடம் கிராண்ட் கேன்யன். அரைப் பக்கத்துக்குப் படம். சிவப்பும் ஊதாவுமாகப் பாறை, மடிப்பு மடிப்பாக, முடிவே இல்லாமல்.

"ஒரே இடத்துல நின்னா இத்தனையும் தெரியுமாங்க்கா?"

"தெரியுமாம். எனக்கு மட்டும் என்ன தெரியும், நானும் போனதில்ல."

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். நேரே பார்த்துக்கொண்டே கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். விரல் நுனி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தினாள். அதுதான் அவள் தன் பார்வையை அளந்துகொள்ளும் விதம். "இப்போதைக்கு இவ்வளவு இருக்குது. இது சுருங்கறதுக்குள்ள பாத்தரணும். பத்தும் வேண்டாங்க்கா, மொதல் ஒண்ணு போதும்" என்றாள். பட்டியலை வெட்டி, பிட்சாக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த மேக்னட்டால் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.

கிட்டுசாமி கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மனைவிக்கு லைசென்ஸ் எடுக்கப் பயம் என்று அவள் சொன்னதை நம்பி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே கடைக்குக் கூட்டிப் போவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வியாதி. அது எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

"அப்பா அம்மா வரட்டும் நாகு. எப்படியும் அவங்களக் கூட்டிட்டுப் போயாகணும். எனக்கு வருஷத்துக்குப் பத்து நாள் லீவு. நாம இப்ப தனியா போயிட்டா அவங்க வர்றப்ப என்ன பண்றது? அப்ப எல்லாரும் சேர்ந்து போயிக்கலாம்."

வெள்ளைக்காரர்கள் ஆசை வந்தால் போகிறார்கள். நாம் விருந்தாளி வந்தால் போகிறோம். பெல்ட் லைன் ரோட்டின் இரண்டு பக்கமும் இருபது வீட்டை என்னால் காட்ட முடியும். ஊரிலிருந்து பெற்றவர்கள் வரும்வரை நயாகரா அப்படியே விழுந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவைத்திருப்பார்கள். அவர்கள் வந்ததும் வேன் எடுத்து, ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு, ஆயிரம் மைல் ஓட்டிப் போய், பெயர்ப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிஷத்தில் திரும்புவார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லாமல் பார்த்தால் அது பார்த்த கணக்கில் வராது. கிட்டுசாமியைத் திட்டும்போதெல்லாம் நான் என்னவோ வேறு ஜாதி மாதிரிதான் திட்டினேன்.

1996-இல் பிரீத்தி பிறந்தாள். கைக்குழந்தையோடு எங்கே போவது? 97-இல் மாமனார் மயில்சாமிக்கும் மாமியார் வசந்தாமணிக்கும் சென்னையில் விசா மறுத்துவிட்டார்கள். 98-இல் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். "அப்பாவுக்குக் கண்ணு நல்லா தெளியட்டும், அப்பத்தான் வந்தா எல்லாம் பாக்க முடியும்" என்று கிட்டுசாமி என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சொன்னபோது நாகமணி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. 99-இல் ஒய்டூகே, 2000 பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களையெல்லாம் சரிசெய்கிற அவசர வேலை. யாருக்கும் லீவு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் யாராவது எங்காவது போய்வந்து, பட்டியல் ஒட்டியிருக்கிற வீடாயிற்றே என்று ஒரு மேக்னட் கொண்டுவந்தார்கள். மேக்னட் சேரச் சேரப் பட்டியல் அடியில் மறைந்துபோயிற்று.

அவள் கைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. 95-இல் கிட்டத்தட்ட முழு அகலத்துக்கு நீட்டியவள், 98-இல் பாதிக்கு வந்துவிட்டாள். திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொள்வாள். கடையில் அடுத்தவர் வண்டியில் மோதி "ஸாரி, ஸாரி" என்பாள். "பாத்து நடக்க மாட்டியா?" என்று கிட்டுசாமி சலித்துக்கொள்வார். நாகமணி கொஞ்சம் மந்தம் என்று பெண்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நானும் சும்மா இருந்தேன். ஒரு முறை மாலில் இருந்த கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். இன்ஷூரன்ஸ் கடிதம் வீட்டுக்கு வந்துவிடுமே என்று பயந்து பணமாகவே கட்டினோம். அவரும் கோயமுத்தூர் டாக்டர் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார்.

"இன்னும் எத்தனை வருஷம்னு கேளுங்கக்கா."

நான் கேட்டேன். இரண்டு, மூன்று, சொல்ல முடியாது என்றார். காரில் திரும்பும்போது அவள் அழவில்லை. எழிலுக்கு ஈரோட்டில் ஒரு வரன் வந்திருக்கிறது, அது முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தாள்.

இனி என் பங்கு.

2000 ஏப்ரலில் நூர் முகம்மதுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. கிராண்ட் கேன்யன் போகலாமா என்றார். எங்கள் பிள்ளைகள் ஆதிலும் ஆஃபீஃபாவும் குதித்தார்கள். நாகமணி படி ஏறி வந்தாள். வந்து கதவருகே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் தனக்கென்று ஒன்று கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அக்கா, நான் கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? பிரீத்தியை அவரு பாத்துக்குவாரு. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

"அதுக்கென்ன புள்ள, போவோம்" என்றேன். அந்த வாரமே என் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விசா கிடைத்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. ஜூனில் வருகிறார்கள். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உம்மா வரட்டும், எல்லாரும் சேந்து போவோம்" என்று அவளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே என் காதில் கிட்டுசாமியின் குரல் கேட்டது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

உம்மா வந்தார்கள். ஜூலையில் ஏழு பேர் உட்காரும் வேன் எடுத்தோம். நாங்கள் ஆறு பேர். ஒரு சீட் மிச்சம். உம்மாவுக்கு விருப்பமில்லை. "யாரு ஊட்டுப் புள்ளையையோ இழுத்துட்டுப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். நாகமணியின் கண் விஷயம் உம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருட்டிய பிறகு மோட்டல் படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் அவள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பெற்றவர்களைக் கவனிக்க முடியாது என்று என் மனசும் கணக்குப் போட்டது. கீழே போய், "வேன் ஃபுல்லாயிட்டு நாகு" என்று சொன்னேன்.

"பரவாயில்லைங்க்கா. அத்தை மாமா அடுத்த வருஷம் வர்றாங்கல்ல" என்றாள்.

கிளம்புகிற காலையில் புளியோதரைப் பொட்டலத்தோடு வழியனுப்ப வந்தாள். பக்கவாட்டில் தெரியாதே தவிர, நேரே வைத்தால் அவளுக்கு நன்றாகத் தெரியும். வேனின் கதவு திறந்திருந்தது. ஏழாவது சீட்டில் கூலரும் ரைஸ் குக்கரும் இருந்தன. அவள் பொட்டலத்தை அந்தக் கூலரின் மேல்தான் வைத்தாள். அங்கே போய் நின்றபோது உம்மா "சுப்ஹானல்லாஹ்" என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். திரும்பும்போது கிஃப்ட் ஷாப்பில் அவளுக்கு ஒரு மேக்னட் வாங்கினேன். பாறையின் மடிப்புகள் புடைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி செய்த, நல்ல கனமான மேக்னட். பட்டியலின் பத்து இடங்களில் அது ஒன்றுதான் அவள் ஃப்ரிட்ஜுக்கு வராமல் பாக்கியிருந்தது.

நவம்பரில் எழிலரசிக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து, இனிமேல் சொல்லிவிடலாமே என்றேன். "மாசமா இருக்குதாம்க்கா. கொழந்த பொறக்கட்டும்" என்றாள். தள்ளிப்போடுவதில் அவளும் எங்களைச் சேர்ந்தவள்தானே.

2001 மே மாதம் மயில்சாமியும் வசந்தாமணியும் ஒருவழியாக வந்து இறங்கினார்கள். மாதக் கடைசியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வருகிற மெமோரியல் டே வீக்கெண்டில் ஐந்து பேரும் காரில் கிளம்பினார்கள். நான் கூடப் போகவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு நாகமணியும் கிட்டுசாமியும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

பதினேழு மணி நேர ட்ரைவ். அமரில்லோ, ஆல்புகர்க்கி தாண்டி, வில்லியம்ஸ் என்கிற ஊரில் மோட்டல். வெளிச் சாப்பாடு மாமியாருக்கு ஆகாது. காலையில் எழுந்து, பாத்ரூமில் ரைஸ் குக்கரை வைத்து, தயிர் சாதம் பிசைந்து டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். பதினோரு மணி வெயிலில் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமனார் "அட சாமீ!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். புரை எடுத்த கண். மாமியார் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாராம். நாகமணி விளிம்பின் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அதற்குள் அவள் பார்வை, கையை நீட்டிப் பிடித்த ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது.

"துண்டு துண்டாத்தாங்க்கா தெரிஞ்சுது" என்று எனக்குச் சொன்னாள். "ஒரு துண்டு பாறை. தலையைத் திருப்பினா இன்னொரு துண்டு. மொதல்ல பாத்ததை மனசுல வெச்சுக்கிட்டு இதைப் பக்கத்துல ஒட்டணும். ஒட்டறதுக்குள்ள அது போயிருது. ஒரு பக்கம் வானம்னு நெனைச்சேன், அது பாறையோட நெழலு. பேப்பர்ல வந்த படம் சின்னதுங்களா, அது முழுசாத் தெரிஞ்சுது. இது பெருசு. தெரியல."

"ஆறு வருஷமா பாக்கணும் பாக்கணும்னியாமா, ஒண்ணுமே பேச மாட்டேங்கற கண்ணு?" என்று மாமியார் கேட்டிருக்கிறார்.

"சூப்பரா இருக்குதுங்க அத்தை" என்றாள் நாகமணி.

அங்கே கம்பி கொஞ்ச தூரத்துக்குத்தான். அப்புறம் வெறும் பாறை. போட்டோவுக்கு அங்கேதான் நன்றாக இருக்கும் என்று கிட்டுசாமி எல்லோரையும் கூட்டிப் போனார். மாமனாரும் மாமியாரும் ஒரு தட்டைப் பாறையில் போய் நின்றார்கள். "நாகு, நீ அப்பா பக்கத்துல போய் நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் காமிராவில் கண்ணை வைத்தார். அவள் மாமனாரின் வெள்ளைச் சட்டையைக் கண் வட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி நேராக நடந்தாள். நடுவில் விளிம்பு உள்ளே வளைந்து வருவது அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஸ்டாப்!" என்று பிரீத்தி வீறிட்டாள். ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். இன்னும் இரண்டு அடி இருந்தது என்று கிட்டுசாமி சொன்னார். இரண்டு அடி என்று கையால் அளந்து காட்டினார்.

வந்த பயத்தில் அவர் மனைவியைத்தான் திட்டினார். எங்கே பார்த்து நடக்கிறாய், புத்தி இருக்கிறதா என்று கத்தினார். அப்போது அந்த ஐந்து வயசுக் குழந்தை அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னதாம். அம்மாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது டாடி, எப்பவுமே தெரியாது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் அம்மாவின் இடது கையைப் பிடித்து நடப்பதும், மேஜையில் டம்ளரை அம்மாவுக்கு நேராக நகர்த்தி வைப்பதும் அது நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்துவந்த வேலை. எல்லா அம்மாவும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறது.

போட்டோ எடுக்கவில்லை. தயிர் சாதத்தை யாரும் தொடவில்லை. ஆல்புகர்க்கி வரைக்கும் மாமியார், "மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்களே, மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்களே" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அமரில்லோவில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். பெரியவர்கள் பிரீத்தியைக் கூட்டிக்கொண்டு பாத்ரூம் போனபோது, கிட்டுசாமி பம்ப்பைக் காரில் சொருகிவிட்டு நாகமணியின் ஜன்னலருகே வந்து நின்றார்.

"எப்பருந்து?"

"சின்னதுலருந்துங்க. வரவர ஜாஸ்தியாச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எழிலுக்கு ஆகாதுன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் பயமா இருந்துச்சுங்க."

"கிராண்ட் கேன்யன் போகணும்னு எத்தனை தடவை கேட்ட. கண்ணு போகப் போகுது, அதுக்குள்ள பாக்கணும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருந்தா அடுத்த வாரமே கூட்டிட்டுப் போயிருப்பனே நாகு" என்றார்.

"பாக்கணும்னு ஆசையா இருக்குதுன்னு சொன்னேனுங்களே" என்றாள் அவள். "அது பத்தாதுங்களா?"

டாங்க் நிறைந்து பம்ப் தானாகவே நின்றுவிட்டது. அவர் அதை எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தார் என்று நாகமணி சொன்னாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அவள் என்னிடமும் அதையேதான் கேட்டாள். என் வீட்டுக் கதவருகே நின்று கேட்டாள். எனக்கு அவள் கண் விஷயமும் தெரிந்திருந்தது. கிட்டுசாமிக்காவது தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது.

திரும்பி வந்த மறுநாள் அவர் மாடி ஏறி வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்."

"எத்தனை வருஷமா?"

"அவ வந்த வருஷத்துலேருந்து."

தலையை ஆட்டினார். நடந்ததையெல்லாம் வாசலில் நின்றபடியே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஆறு மாதம் இருப்பதாக வந்த பெரியவர்கள் மூன்றாவது வாரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். போகும்போது மாமியார் மருமகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கிட்டுசாமி அவளை விட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாரக்கடைசியில் எங்கேயாவது போகலாமா, யெல்லோஸ்டோன் போகலாமா, நயாகரா போகலாமா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். "எனக்கு எதுக்குங்க இனி" என்பாள் அவள்.

ஜூலைக் கடைசியில் அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் பெயரும் இருந்தது. அந்த வருஷம் வேறு வேலை எங்கே கிடைத்தது? வேலை இருந்தால்தான் செல்லுகிற ஹெச்-1 விசாவை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆகஸ்ட் கடைசி வாரம் கோயமுத்தூருக்குக் கிளம்புவதென்று முடிவாயிற்று. வீட்டைக் காலி செய்கிற நாளன்று மத்தியானம் நான் உதவிக்குப் போனேன். கிட்டுசாமி வெளியே காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். சோபா போயிருந்தது, கட்டில் போயிருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் அபார்ட்மெண்ட்டைச் சேர்ந்தது, அப்படியே நின்றது.

நாகமணி அதன் முன்னால் நின்று மேக்னட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்து எடுக்கவில்லை. விரலால் தடவி எடுத்தாள். "நயாகரா, இது ஸ்ரீநிவாசன் வீட்ல குடுத்தது. கரடி, காப்பெல்லுக்குக் குடி போனாங்களே, அவங்க. டிஸ்னி, பிரீத்தி பொறந்தப்ப வந்தது." பெயர் சொல்லிச் சொல்லி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் அந்தப் பழைய பட்டியல் வெளியே வந்தது. மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்திருந்தது. அதை மடித்துக் குப்பைப் பையில் போட்டாள்.

டப்பாவில் போடாமல் ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தாள். புடைத்த பாறை மடிப்புகளைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மேலிருந்து கீழே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை.

"இதுல முழுசாத் தெரியுதுங்க்கா" என்றாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து அதை உள்ளங்கையில் வைத்தாள். "இதை நீங்களே வெச்சுக்கங்க. நாந்தான் நேர்லயே போய் பாத்துட்டேனே."

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பிரீத்தி வந்து அம்மாவின் இடது கையைப் பிடித்து, வாசல் படிகளை எண்ணிக்கொண்டே காருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

மேக்னட் இப்போது என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "கிராண்ட் கேன்யன் போனீங்களா? வேன்லயா, எத்தனை பேர்?" என்று கேட்கிறார்கள். ஆறு பேர் என்கிறேன். ஏழு சீட் வேன் என்று சொல்வதில்லை.